தொகுப்பு வந்துருச்சாமே!

இனி வீட்டுக்குள் கவிதையைப் பற்றி மூச்சுக்கூட விடுவதில்லை என்று தீர்மானம் போட்டேன். போட்ட அன்றைக்கே பதிப்பாளர் போன் பண்ணிவிட்டார்.

நான் கவிஞர் சுருளிச்சாரல். ரேஷன் கார்டில் வெறும் சுருளிவேல். சின்னமனூரில் ஒரு பிளக்ஸ் கடையில் காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் நாலு வரி எழுதுவது நான்தான். என் கண்ணீர் இல்லாமல் இந்தப் பக்கம் ஒருத்தரும் செத்ததில்லை. ஆனால் என் லட்சியமே வேறு. மார்க்கையன்கோட்டையில் என் பேரில் மூணு சென்ட் சும்மா கிடக்கிறது. அங்கே ஒரு செட் போட்டு, 'சாரல் பதிப்பகம்' ஆரம்பிக்க வேண்டும். என் மனைவி நாகஜோதியின் லட்சியம், அதே மூணு சென்டில் ஒரு வீடு. எட்டு வருசமாக வாடகை வீட்டில் இதே சண்டைதான்.

அதனால் கொல்லைப்பக்கம் போய்க் குசுகுசுவென்று பேசினேன்.

"தொகுப்பு வருதா சார்? ஆகா! நூறு படியா? எடுத்துக்கிடுறேன் சார். வீட்ல மட்டும் தெரியக் கூடாது."

சுவருக்கு அந்தப் பக்கம் ராக்கம்மாள் அக்கா துணி காயப்போட்டதை நான் பார்க்கவில்லை. போனை வைத்ததும் வந்துவிட்டார்.

"ஏலே சுருளி, தொகுப்பு வந்துருச்சாமே! நல்லாரு. ஆனா நூறு படி எதுக்குலே? முட்டுவலிக்காரி நான் எப்புடி ஏறுவேன்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததற்குப் புரிந்த மாதிரி தலையாட்டுவது இலக்கியக் கூட்டங்களில் நான் கற்றது. ஆட்டினேன்.

"என் எழுத்து எளிமைதான்க்கா. யாரும் ஏறலாம்."

அடுத்து பங்கிராஸ் கொத்தனார். கையில் கரண்டியோடு ஓடி வந்தார்.

"கவிஞரே, தொகுப்பாமே! மேல அட்டைதானா?"

"கெட்டி அட்டைண்ணே."

"மழை தாங்குமா?"

"காலத்தையே தாங்கும்."

"எந்தப் பக்கம் முக்கியம்னு நெனைக்கிறீக?"

"மொதப் பக்கம்ணே."

"அதச் சொல்லுங்க! வாசப்பக்கம் சரியா அமைஞ்சா மத்தது தானா அமையும். உள்ள எத்தன?"

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தொண்ணா! ஒவ்வொண்ணும் எம்புட்டு ஒசரம்?"

"சிலது மூணு வரிதான்."

"மூணு வரிசையா? ஆளு குனிஞ்சுல்ல போகணும்!"

"ஆமாண்ணே. பணிவோடதான் உள்ள போகணும்."

கொத்தனாருக்குள் இப்படி ஒரு விமர்சகரா! எனக்குப் புல்லரித்தது. குழப்பமாகவும் இருந்தது.

"சரி, கட்டுற வேலைய எனக்கே குடுத்துரணும்."

"பைண்டிங்கா? அது மதுரையில பண்றாகளே."

"மதுரைக்காரன் வந்து கட்டணுமா? இங்கன நாங்க என்ன செத்தா போய்ட்டோம்?"

கோபித்துக்கொண்டு போய்விட்டார். இலக்கியம் என்றாலே பகைதான்.

பயந்து பயந்து வீட்டுக்குள் நுழைந்தேன். நாகஜோதி கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள்! திட்டுவாள் என்று பார்த்தால் சிரிக்கிறாள். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"தெருவே உங்க தொகுப்பத்தான் பேசுது. ஒரு கையெழுத்துப் போடுங்க," என்று ஒரு தாளை நீட்டினாள்.

கல்யாணமாகிப் பதினோரு வருசத்தில் அவள் கேட்ட முதல் ஆட்டோகிராப். கண் கலங்கிவிட்டது. 'அன்புடன், சுருளிச்சாரல்' என்று வளைத்து வளைத்துப் போட்டேன்.

"புனைபேரு வேணாங்க. கீழ இன்னொண்ணு போடுங்க. சொந்தப் பேரு, உங்கப்பா பேரோட."

போட்டேன். மேலே அவள் எழுத்தில் நெருக்கமாக ஏதோ இருந்தது.

"இதென்ன, நீ எழுதுனதா?"

"ஆமாங்க. நானும் ஒண்ணு எழுதிப் பாத்தேன். வாசிச்சுப் பாருங்க."

வளரும் கவிஞர்களை எல்லாம் வாசிக்க ஆரம்பித்தால் நான் எப்போது எழுதுவது? ஒன்பது புத்தகத்துக்கு முன்னுரை கொடுத்திருக்கிறேன். ஒன்றையும் வாசித்ததில்லை. தாளைத் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினேன்.

"அருமை! இறுக்கமா வந்துருக்கு. ஒரு வரியக்கூட மாத்தாத. அப்படியே அனுப்பு."

"எங்கங்க அனுப்ப?"

"எங்கன எடுத்துக்கிடுவாகளோ அங்கன."

"சரிங்க," என்று தாளை மடித்து, எனக்கு இன்னொரு கரண்டி கேசரி வைத்தாள்.

நாலு மாசம் போனது. பதிப்பாளர் போனையே எடுப்பதில்லை. நாமே பதிப்பகத்தை ஆரம்பித்துவிடுவோம் என்று, செட்டுக்கு அளவெடுக்க மார்க்கையன்கோட்டை போனேன். என் இடத்தில் பங்கிராஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டேப்போடு ஒரு ஓவர்சியர். குடை பிடித்துக்கொண்டு நாகஜோதி.

"யார் சார் நீங்க? இது என் இடம்!"

ஓவர்சியர் பைலைப் பிரித்து வாசித்தார்.

"'மேற்படி இடத்தில் என் மனைவி நாகஜோதி பேரில் அரசுத் தொகுப்பு வீடு கட்டிக்கொள்ள எனக்கு முழுச் சம்மதம்.' உங்க கையெழுத்துதானே? ரெண்டு தடவ போட்டுருக்கீங்க. ஒண்ணுல 'அன்புடன்' வேற."

தொகுப்பு வீடு! ஏறுகிற படி, வாசப்பக்கம், கூரை அட்டை எல்லாம் அப்போதுதான் எனக்கு வரிசையாக விளங்கியது. நாகஜோதி பக்கம் திரும்பினேன்.

"அடியே, என் தொகுப்பே இன்னும் வரலயேடி!"

அவள் குடையை என் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

"நீங்களும் வருசக்கணக்கா அனுப்புறீக. நான் ஒண்ணே ஒண்ணுதாங்க அனுப்புனேன். மொதத் தடவையிலயே எடுத்துக்கிட்டாக."