ரோஷமில்லாத புளிச்சோறு

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவருக்கு ஓர் ஆபத்து உண்டு. அவர் சொல்வது சரியா என்று பார்க்க வீட்டில் வேறு ஆள் கிடையாது. நான் பிளஸ் டூ அறிவியல் பாஸ். (முதல் வகுப்பு. நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.) கச்சிராயபாளையம் பக்கத்தில் எங்கள் தெருவுக்குத் தந்தி வந்தாலும் சரி, உரமூட்டை வந்தாலும் சரி, படித்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அம்மாவுக்குத் தைராய்டில் புற்றுநோய் வந்து, மெட்ராசில் ஆபரேஷன் செய்து அந்தச் சுரப்பியை எடுத்திருந்தார்கள். உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சச் செல்களை அழிக்கக் கதிரியக்க அயோடின் கொடுக்க வேண்டும். அந்தச் செல்களுக்கு அயோடின் என்றால் உயிராம். இரண்டு வாரம் சாப்பாட்டில் அதைக் குறைத்துப் பட்டினி போட்டால், மருந்தைக் கண்டதும் பாய்ந்து விழுங்கும். விழுங்கியதும் சாகும். எலிப்பொறி வைக்கிற அதே தந்திரம்! எனக்குப் புல்லரித்தது. அதுவரை எனக்கும் அயோடினுக்கும் இருந்த பழக்கம், பள்ளி ஆய்வகத்தில் அது பட்டு உருளைக்கிழங்கு நீலமானது ஒன்றுதான்.

"என்ன சாப்பிடக் கூடாதுன்னு தமிழ்ல சொல்லட்டுமா?" என்றார் டாக்டர்.

"நோ டாக்டர். ஐ அண்டர்ஸ்டாண்ட்" என்றேன். பக்கத்தில் அப்பாவுக்கு நெஞ்சு ஒரு சாண் விரிந்தது.

டாக்டர் கடகடவென்று ஆங்கிலத்தில் சொன்னார். கடல்மீன், முட்டை, பால் எல்லாம் பிடிபட்டன. உப்புக்கு முன்னால் ஏதோ ஒரு சொல் வந்தது. அது மட்டும் கையில் சிக்காமல் ஓடிவிட்டது. போகட்டும், உப்பு சிக்கிவிட்டதே!

ஊர் திரும்பியதும் உப்பு ஜாடியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். அம்மாவுக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் அவள் மனசு நோகும் என்று மொத்த வீட்டுக்கும் உப்பை ரத்து செய்தேன்.

"கூழுக்கு ஒரு கல்லு கூடவா கூடாது?" என்றார் அப்பா.

"சயின்ஸ்ப்பா."

அதற்கப்புறம் அவர் அடிக்கடி பக்கத்து வீட்டுக்குப் போய் நலம் விசாரித்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டே வருவார்.

சுரப்பிக்குப் பதிலாகக் கொடுத்திருந்த தைராய்டு மாத்திரையையும் நிறுத்தச் சொல்லியிருந்ததால், கரும்புக்காட்டில் ஓடிக்கொண்டிருந்த அம்மா நத்தையானாள். சுடுகிற வெயிலில் போர்வை கேட்டாள். குரல் கட்டியது. சாப்பாடு குறைந்தும் உடம்பு ஊதியது. எரிய வேண்டிய சோறெல்லாம் எங்கே போகிறது? கழுத்திலிருந்த இத்தனூண்டு சுரப்பியா மொத்த உடம்புக்கும் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தது? நான் அவளை வியப்போடு பார்த்துக்கொண்டே இருந்தேன். இடையிடையே அவளுக்குத் தலை சுற்றியது. அதையும் வியப்போடுதான் பார்த்தேன்.

மெட்ராசுக்குக் கிளம்ப வேண்டிய நாளில் பார்த்து இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வெடித்தது. புளியமரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். மறியலுக்குத் தலைவர் பக்கத்து ஊர் மாணிக்கம் அண்ணன். காலையிலேயே அவர் குரல் மைக்கில் கேட்டது: "சோத்துல உப்பு போட்டுத் துன்றவனா இருந்தா வூட்ட வுட்டு ரோட்டுக்கு வா!"

"அப்ப நம்பள கூப்டல" என்றார் அப்பா.

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. அந்த மருந்தை அம்மாவுக்கென்று மறுநாளைக்கு வரவழைத்திருந்தார்கள். வைத்திருந்தால் வீரியம் போய்விடும். மறுபடி எப்போது கிடைக்கும் என்று தெரியாது. வாடகைக் கார் வருவதற்குள் ஒரு யோசனை செய்தேன். மறியல்காரர்கள் பசியோடு இருப்பார்கள். முதலில் சோறு போடுவோம், அப்புறம் வழி கேட்போம். ஒரு குண்டான் நிறையப் புளிச்சோறு கிளறினேன்.

குண்டானையும் அம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டு மறியல் நடந்த இடத்துக்குப் போய், இலை போட்டுப் பரிமாறினேன். ஐம்பது வாய்களும் முதல் கவளத்தோடு நின்றன.

"பாப்பா, இதுல உப்பு?" என்றார் மாணிக்கம் அண்ணன்.

"போடலண்ணே" என்றேன், பெருமையாக.

அவர் முகம் சிவந்தது. "காலீல மைக்குல நான் இன்னா பேசினேன்? நீ இன்னா எடுத்தாந்து வெக்கிற? எங்களுக்கு ரோஷம் இல்லன்றியா? ஒன்ன மாரி புள்ளைங்க காலேஜு போவணும்னுதான ரோட்டுல குந்திகினு கீறோம்!"

"எவனோ சொல்லிக் குடுத்து அனுப்பிக்கிறாண்ணே!" என்றது ஒரு குரல்.

படித்தவள் அல்லவா, விளக்கினேன். "இல்லண்ணே, எங்கம்மாவுக்கு ரேடியேஷன்..."

"அய்யய்யோ, சோத்துல இன்னாத்தயோ கலந்துட்டாடா!" இரண்டு பேர் ரோட்டோரம் ஓடித் துப்பினார்கள். ஒருவர் நாக்கைத் துண்டால் துடைத்தார்.

அப்போது கார்க் கதவு திறந்தது. அம்மா இறங்கி, நடந்து, வந்து சேர்வதற்குள் கூட்டமே தானாக அடங்கிவிட்டது. மாணிக்கம் அண்ணன் இலையிலிருந்து ஒரு கவளம் எடுத்துத் தன் வாயில் போட்டாள். மெல்ல மென்று விழுங்கினாள்.

"ரெண்டு வாரமா நான் துன்ற சோறு இதாம்ப்பா" என்றாள் கட்டிய குரலில். கழுத்தை மூடியிருந்த துண்டை எடுத்தாள். தழும்பு தெரிந்தது. "நாளைக்கு மருந்து. போனாத்தான் பொழப்பேன். எனக்கு மட்டும் ரோஷம் இல்லாமலா கீது?"

மாணிக்கம் அண்ணன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "கயிறு எடுத்தாங்கடா!"

ஐம்பது பேர் சேர்ந்து இழுத்ததில் மரம் நகர்ந்தது. கார் முன்சீட்டில் அவரே ஏறிக்கொண்டார். கள்ளக்குறிச்சி தாண்டும்வரை மரம் கிடந்த இடத்தில் எல்லாம் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்: "உப்பில்லாத கேசுடா, வழி வுடுங்க!"

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "உடம்புல உப்புச்சத்து இவ்வளவு இறங்கியிருக்கே! தலை சுத்தியிருக்குமே?"

"நீங்கதானே உப்பு வேண்டாம்னீங்க" என்றேன்.

"அயோடின் கலந்த பாக்கெட் உப்பைத்தாம்மா வேண்டாம்னேன். உங்க ஊர்ல அது விக்குதா என்ன?"

விற்கவில்லை. எங்கள் ஊர்க் கடைக்காரர் அப்படி ஒரு வஸ்துவைக் கண்ணாலும் கண்டதில்லை. ஊரில் இல்லாத உப்புக்குப் பயந்து ஊரில் இருந்த உப்பைத் துரத்தியிருக்கிறேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். விரிந்த நெஞ்சு பழைய அளவுக்கு வந்திருந்தது.

உப்புச்சத்தைச் சரிசெய்து அன்றே மருந்து கொடுத்தார்கள். எலிகள் பொறியில் விழுந்தன. அம்மா இப்போது தினம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் கரும்புக்காட்டுக்கு நடக்கிறாள். நடக்கும் வழியெல்லாம், "எம் பொண்ணு எனக்கு இங்கிலீசுல ஆக்கிப் போட்டா" என்று இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே போகிறாள்.

அது எங்கள் தெருவைத் தாண்டிவிட்டது. போன வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாணப் பந்தி. என் பக்கத்து இலையில் முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் ரசத்தை உறிஞ்சிவிட்டுப் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார்:

"ரசம் கொஞ்சம் இங்கிலீசா கீதுப்பா. ரெண்டு கல்லு உப்பு எடுத்தா."