தலைச்சன் பால்

மைசூரு,
12-9-1996

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை விஜய்குமார் அவர்களுக்கு,

மாமனார் லிங்கப்பனின் வணக்கம். இங்கே நான், பாப்பம்மாள், தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் தாரணி மூவரும் நலம். ‘நலம்’ என்று எழுதியபின் சற்று யோசித்தேன், ஆனாலும் அடிக்கவில்லை. தூத்துக்குடியில் தாங்களும் தங்கள் ஆய்வுக்கூடத்தாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். வளைகாப்புக்கு வந்தபோது தாங்கள் எங்கள் அலமாரியில் மறந்துவிட்டுப் போன கட்டுரையை அனுமதியின்றி மூன்று முறை படித்தேன். கரை ஒதுங்கிய திமிங்கிலங்களின் கொழுப்பில் டி.டி.டி. இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சின்ன மீனில் கொஞ்சம், அதைத் தின்ற பெரிய மீனில் அதிகம், அதையும் தின்ற திமிங்கிலத்தில் ஆயுளுக்கும் சேர்ந்தது. ஆணுக்கு அதை இறக்கி வைக்க வழியில்லை. பெண் தன் பாலில் இறக்கிவிடுகிறது. அதில் பெரும்பங்கு தலைச்சன் குட்டிக்குப் போகிறது. நான் புரிந்துகொண்டது பிழையானால் திருத்தவும்.

மலேரியா ஒழிப்பில் இருபத்திரண்டு வருடம் ராமாபுரம், கோபிநத்தம் பக்கம் வீடு வீடாக டி.டி.டி. அடித்தவன் நான் என்பது தாங்கள் அறிந்ததே. அறியாதது, சனிக்கிழமைதோறும் மருந்தடிக்கும் பம்பைக் காவிரியில் கழுவியது. ஆற்றில் கழுவக் கூடாது என்று விதி இருந்தது. கிணற்றடியில் கழுவாதே என்று ஊரார் சொன்னார்கள். விதி வாய் திறந்து பேசாது, ஊரார் பேசுவார்கள். ஆகவே ஊராருக்குப் பணிந்தேன். காவிரி கடலில் கலக்கிறது என்று பள்ளியில் எழுதிப் பரிசு வாங்கியவன்தான். இப்போது தங்கள் கட்டுரையின் மூன்றாம் அட்டவணையைப் பார்த்தால் என் சொந்தக் கையெழுத்துப் போலத் தெரிகிறது. அந்த நாளில் என் காக்கிச் சட்டையைக் கையால் துவைத்தவள் பாப்பம்மாள். அவளுடைய தலைச்சன் தாரணி. இரண்டு வயதுவரை பால் குடித்தாள்.

இனிச் சொல்வதைத் தாங்கள் நம்ப வேண்டாம், குறித்து வைத்தால் போதும். அந்தியில் எல்லோரும் வாசலில் உட்காருகிறோம். பக்கத்து வீட்டு தேவம்மாவைக் கொசு பிடுங்குகிறது. ஒரு வாரம் எண்ணினேன். தேவம்மாவுக்கு நாற்பத்தொன்று, பாப்பம்மாளுக்கு ஒன்பது, எனக்கும் தாரணிக்கும் ஒன்றுமில்லை. அவை எங்கள் கைவரை வந்து, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, திரும்பிப் போகின்றன. கண்ணாடியைத் துடைத்துவிட்டும் பார்த்தேன், அப்படியேதான். “ஏன்ரீ, உங்க வீட்டுக்காரரு என்னையே பாத்துட்டு உக்காந்திருக்காரே” என்று தேவம்மா பாப்பம்மாளிடம் கேட்டதில், இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு பேச்சில்லாமல் வந்தது.

ஆகவே என்னையே அளந்து பார்ப்பது முறை என்று தோன்றியது. முதுகில் வெகுநாளாக இருந்த கொழுப்புக் கட்டியை அறுத்தெடுக்கச் செய்து, டாக்டரிடம் கேட்டு வாங்கி, ஊறுகாய் பாட்டிலில் போட்டு பிரிட்ஜில் வைத்தேன். தேவம்மா பார்த்துவிட்டு வெண்ணெய் எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தாள். பாப்பம்மாள் அவளை அனுப்பிவிட்டு வந்து, “ஏனுங்க, உங்க முதுகு இருக்கற எடத்துல நான் தயிரு வெக்கறதுங்களா?” என்றாள். நியாயம்தான். தங்களுக்கு அனுப்பிவிடலாம் என்று கூரியர் கடைக்கு எடுத்துப் போனேன். உள்ளே என்ன என்று கேட்டார்கள். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால், “நான்” என்றேன். கடைக்காரர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பாட்டிலோடு பஸ்ஸில் திரும்பினேன். பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.

தாரணிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. பால்பவுடர் டின் ஒன்று வாங்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். பெற்ற பெண்ணிடம், உன் பாலைக் குழந்தைக்குக் கொடுக்காதே என்று எந்த வாயால் சொல்வது? அதில் இருப்பது நான் அல்லவா? சொல்லாமல் இருந்தாலும் பாவம், சொல்லித் தப்பாகிவிட்டாலும் பாவம். தாங்கள் படித்தவர், சொன்னால் அவள் கேட்பாள். கொடுக்கலாமா, கூடாதா, ஒரே வார்த்தை தந்தியில் தெரிவித்தால் போதும்.

சம்பந்தி இருவருக்கும் என் பணிவான வணக்கம். சாமுண்டித் தாயார் எல்லாக் குழந்தைகளையும் குட்டிகளையும் காக்கட்டும்.

தங்கள் அன்புள்ள மாமனார்,
லிங்கப்பன்

பின்குறிப்பு: மேலே உள்ளதைத் தயவுசெய்து படிக்க வேண்டாம். நான் தபால்தலை வாங்கப் போய் அந்தியில் திரும்புவதற்குள் தாரணிக்கு வலி கண்டு, பாப்பம்மாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பெண் குழந்தை பிறந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது தாரணி பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கதவருகில் நின்றுவிட்டேன். “எதுக்குங்கப்பா அப்படி நிக்கறீங்க? அவரு கட்டுரைய டைப் அடிச்சுக் குடுத்ததே நான்தான்” என்றாள். “எல்லாம் டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன், குடுன்னுதான் சொன்னாங்க. திமிங்கிலம் மட்டும் கட்டுரை படிச்சுட்டா பால் குடுக்குது?” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அவருக்கு ஒண்ணும் எழுதிடாதீங்க. பயந்துக்குவார்” என்றாள். ஆகவே நான் எதுவும் எழுதவில்லை.

குழந்தை பதினெட்டு நிமிடம் குடித்தாள். அவ்வளவு நேரமும் கண்ணைத் திறந்து, சிமிட்டாமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.