கஞ்சி போட்ட அமெரிக்க நோட்டு

எதையும் கஞ்சி போட்டு நிமிர்த்திவிடலாம் என்று முழுமையாக நம்பிய ஒரே மனிதர், குமாரபாளையத்தில் எங்கள் தெருவில் இருந்த கஞ்சிக்காரர்தான். தறிக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது அவர் தொழில். அத்தோடு அவர் நின்றதில்லை. வேட்டி, தலையணை உறை, பேத்தியின் ரிப்பன், ஒருமுறை என் கைக்குட்டை. சளி பிடித்திருந்த எனக்கு அன்று மூக்கு சிராய்த்துவிட்டது.

அவரிடம் பழைய அமெரிக்க நோட்டு ஒன்று இருந்தது. போர்வெல் வண்டியோடு வெளிநாடு போய்வந்த நண்பர் கொடுத்தது. ஒரு காலத்தில் அமெரிக்காவில் சிற்றூர் வங்கிகள்கூடத் தம் பெயர் போட்டு நோட்டு வெளியிட்டனவாம்; இதுவும் அப்படி ஒன்று. எதிர் டீக்கடைக்காரர் கிண்டல் செய்யாமல் விடமாட்டார்.

"ஏனுங்க, இதக் குடுத்தா ஒரு வடையாச்சும் வருமுங்களா?"

கஞ்சிக்காரர் சபதமே போட்டார். "இதோட வெல தெரியற வரைக்கும் உங்க கடையில டீ குடிக்க மாட்டனுங்க."

அன்று முதல் அவரே டீ போட்டார். அதுவும் கஞ்சி போலத்தான் இருந்தது. இடையில் எந்த நோட்டுக்கு விலை அதிகம் என்று செல்போனில் தேடித்தேடிக் கற்றுக்கொண்டு எனக்கும் பாடம் எடுத்தார். "ஊரு சின்னதா இருக்கோணும். நோட்டு கொஞ்சமா மிஞ்சியிருக்கோணும். தாளு மொடமொடன்னு இருக்கோணுமுங்க."

சேலத்தில் நாணயக் கண்காட்சி வந்தது. நோட்டோடு இருவரும் போனோம். மதிப்பீட்டாளர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இந்த ஊர் நோட்டு கெடைக்கிறதே அரிதுங்க!" பிறகு விரலால் தடவினார். மூக்கருகே கொண்டுபோனார். "என்னங்க இது, சவ்வரிசி வாசம்?"

"மொடமொடப்பு பத்தலீங்க. நேத்துத்தான் இளங்கஞ்சி போட்டு, தேச்சுக் கொண்டாந்தனுங்க."

மதிப்பீட்டாளர் கண்ணாடியைக் கழற்றினார். "பழைய நோட்ட நனைக்கவே கூடாதுங்க. முக்கால்வாசி மதிப்பு போச்சே!"

நான் தரையைப் பார்த்தேன். கஞ்சிக்காரர் அசரவில்லை. "அரிதா இருந்தா வெல கூடுமில்லீங்க? கஞ்சி போட்ட அமெரிக்க நோட்டு ஒலகத்துல வேற யாருகிட்ட இருக்குது?"

மதிப்பீட்டாளர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "செரி, மிச்சம் கால்வாசி எவ்வளவு வருமுங்க?" என்று விடாமல் நின்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கஞ்சிக்காரர் பஸ் ஏறினார்.

மறுநாள் டீக்கடையில் அவர் குரல் தெருமுனைவரை கேட்டது. "வடை என்னங்க வடை! உங்க அடுப்பு, பாய்லரு, பெஞ்சு அத்தனையும் வாங்கலாமுங்க. ரெண்டு டீ போடுங்க!"

நோட்டை அவர் விற்கவில்லை. இப்போது அவரும் இல்லை.

கடைசியாக அவர் கஞ்சி போட்டுத் தந்த வேட்டி என் பீரோவில் இருக்கிறது. உடுத்தவில்லை. மடிப்பு கலைந்துவிடும்.