புவனேந்திரனின் கல்யாண லீவு

சர்வர் மூன்றாவது தடவையாகப் படுத்துவிட்டது. மணி இன்னும் ஒன்பதுகூட ஆகவில்லை.

"எவன் பார்த்த வேலை இது?" என்று புவனேந்திரன் மேசையில் ஓங்கி அடித்தான். கோப்பை துள்ளி, தேத்தண்ணீர் விசைப்பலகையெல்லாம் கொட்டியது. அதற்கும் சேர்த்து அந்த எவனோ ஒருவனைத் திட்டினான்.

அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. பதுளையில் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டக் கம்பெனி அலுவலகத்தில், எட்டுத் தோட்டங்களின் பெரட்டு என்கிற ஆள்வரவுக் கணக்கு, கொழுந்து நிறை, லீவு எல்லாவற்றையும் ஒரே சர்வர்தான் பார்த்துக்கொள்கிறது. அதில் ஓடும் மென்பொருளை எழுதியவனே புவனேந்திரன். ஆறு வருடமாக அது ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை. இன்றைக்குப் பார்த்து விழுகிறது. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை அவனுக்குக் கல்யாணம்!

அவனுக்கு மட்டுமல்ல. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள். புவனேந்திரன் நிஷாந்தின் தங்கை சுதர்ஷினியைக் கட்டுகிறான்; நிஷாந்த் புவனேந்திரனின் தங்கை கலாராணியைக் கட்டுகிறான். ஹல்துமுல்லையில் ஒரே பந்தல், ஒரே முகூர்த்தம். நிஷாந்தும் இதே அலுவலகம்தான். கணினிப் பிரிவு என்று பலகை மாட்டிய அந்தச் சின்ன அறைக்கு மொத்தம் அவர்கள் இரண்டே பேர். அன்று நிஷாந்த் வெலிமடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணினி பழுது பார்க்கப் போயிருந்தான். வரும்போது பந்திக்குக் கேரட்டும் லீக்ஸும் ஏற்றி வருவதாக ஏற்பாடு.

லீவு சர்வர் வழியாகத்தான் கிடைக்கும். காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் செல்லாது என்று சட்டம் கொண்டுவந்தவனும் புவனேந்திரன்தான். காலையில் வந்ததும் வராததுமாகத் தன் லீவை அனுப்பிவிட்டான். பழகிய விரல்கள், அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஒப்புதல் வருவதற்குள் சர்வர் விழுந்துவிட்டது.

நிறுத்தி எழுப்பிப் பார்த்தாயிற்று. எழுந்தால் ஐந்தே நிமிடம். நினைவகம் போதவில்லை போலிருக்கிறது என்று அதை இரண்டு மடங்காக்கினான். இப்போது பத்து நிமிடம் தாக்குப்பிடித்தது. ஆனால் விழும்போது கொழுந்து நிறைப் பதிவையும் கையோடு இழுத்துக்கொண்டு விழுந்தது.

தொலைபேசி அலறியது. தெமோதரைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பொன்னையா.

"என்னா தம்பி, கொழுந்து நிறுக்க முடியலியே. நாப்பது பொம்பளைங்க கூடையோட மழையில நிக்குறாங்க."

"அண்ணே, ஒங்க தோட்டத்துலதான் யாரோ எதையோ தப்பா பதிஞ்சிருக்காங்க. அதான் இங்க விழுது."

"நாங்க என்னாத்த பதிஞ்சோம்? எதையும் பதிய வுட மாட்டேங்குதேன்னுதானே சொல்றேன்!"

புவனேந்திரன் அதைத் திமிர்ப் பேச்சாகவே எடுத்துக்கொண்டான். தெமோதரையின் இணைப்பைத் துண்டித்தான். சர்வர் அப்போதும் விழுந்தது. வேறு வழியில்லாமல் இணைப்பை மறுபடி கொடுத்தபோது தெமோதரையின் காலைப் பெரட்டு முழுவதும் அழிந்திருந்தது. நூற்றெழுபது பேர் இன்று வேலைக்கே வரவில்லை என்றது சர்வர், கூசாமல்.

பொன்னையா மறுபடி அழைத்தார். "தம்பி, பொம்பளைங்க எல்லாரும் ஒங்க ஆபீசுக்கு பஸ் ஏறப் போறாங்களாம். வேலைக்கு வரலைன்னு சொன்ன மூஞ்சிய ஒரு தடவ பாக்கணுமாம்."

மனேஜர் சிவசுப்பிரமணியம் அறைக்குள் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஒருபோதும் குரலை உயர்த்த மாட்டார், பயமே அதில்தான்.

"தம்பி, ஆறு வருசமா விழாதது இண்டைக்கு மட்டும் ஏன் விழுகுது?"

"நம்ம மேல தப்பில்லைங்க ஐயா. யாரோ என்னமோ பண்ணியிருக்காங்க."

"ஆரெண்டு கண்டுபிடியும். இது சரிவராமல் நான் ஒருத்தரையும் லீவில விடமாட்டன். உம்மையும்தான்."

புவனேந்திரனுக்கு மணவறையில் சுதர்ஷினி தனியாக உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்து போனது. சாப்பாட்டையும் மறந்து, சர்வர் எழுதி வைத்த பதிவை வரி வரியாகப் படித்தான். பின்னேரம் மூன்று மணிக்கு விஷயம் பிடிபட்டது.

லீவு கேட்பவர் தன் வேலையைப் பொறுப்பேற்பவரின் பெயரைப் போட வேண்டும். அந்த ஆளும் அன்று லீவென்றால், அவருக்கு யார் பொறுப்பு என்று சர்வர் தேடிப் போகும். யாரோ இரண்டு பேர் ஒரே நாளுக்கு லீவு கேட்டு, இவர் பொறுப்புக்கு அவர் பெயரையும் அவர் பொறுப்புக்கு இவர் பெயரையும் போட்டிருந்தார்கள். சர்வர் இவரிடமிருந்து அவரிடமும் அவரிடமிருந்து இவரிடமுமாக நாலு லட்சம் தடவை அலைந்து, களைத்து விழுந்திருந்தது. அந்த இருவர் யாரென்று மட்டும் தெரியவில்லை. பெயர் காட்டும் வரியை, இடத்தை அடைக்கிறது என்று போன வருடம் அவனே எடுத்துவிட்டிருந்தான்.

"பாத்தீங்களா ஐயா, ரெண்டு அறிவாளிங்கள! இவன் அவன் தலையில கட்டுறான், அவன் இவன் தலையில கட்டுறான். ரெண்டு பேரும் ஊர் சுத்தப் போறானுங்க! இவனுங்களால என் கல்யாணமே நின்னுருக்கும்!"

"அப்ப என்ன செய்யப் போறீர்?"

"சும்மா விடக் கூடாதுங்க ஐயா."

விடவில்லை. புதிய கட்டளைகளை எழுதினான். இப்படி இருவர் மாட்டினால் இரண்டு லீவையும் உடனே தள்ளுபடி செய். கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு முறைப்பாடு அனுப்பு. அந்த இருவருக்கும் ஒரு மாதத்துக்கு லீவே கிடையாது. பதுளையிலிருந்து யாரும் இதை மாற்ற முடியாது. கடைசியை ஆத்திரத்தில் சேர்த்தான். மனேஜரும் தலையாட்டினார்.

சர்வர் எழுந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி நேரம். விழவில்லை. தெமோதரையில் கொழுந்து நிறுக்கிறார்கள் என்று பொன்னையாவே அழைத்துச் சொன்னார். இடையில் புவனேந்திரனின் சட்டைப் பையில் கைத்தொலைபேசி ஒரு தடவை துடித்தது. யாராவது கல்யாண வாழ்த்து அனுப்பியிருப்பார்கள், பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டான்.

மனேஜர் கைகொடுத்தார். "கெட்டிக்காரன். இனி உம்மட லீவைப் பாப்பம்."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு நிஷாந்த் வந்தான். தோளில் லீக்ஸ் கட்டு, கையில் தொலைபேசி, முகத்தில் ஈயாடவில்லை.

"மச்சான், என் லீவு தள்ளுபடின்னு மெசேஜ் வந்திருக்கு. நான் எப்பவும் போல பொறுப்புக்கு ஒங்க பேரைத்தானே போட்டேன். நீங்க யாரு பேரைப் போட்டீங்க?"