கூறை கட்டிய இறகு

திரும்ப முடியாமல் திணறும் லொறியைக் கண்டால், யாரும் கேளாமலே ஓடிப்போய்க் கை காட்டுகிற மனிதர் சிலர் உண்டு. பிள்ளையார் என்னையும் அப்படித்தான் படைத்துவிட்டார்.

மகனின் கலியாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. மருமகளுக்கு எடுத்த கூறைச்சேலையில் ஒரே பூச்சி உருண்டை மணம். "முகூர்த்தத்துக்கு முதல் விரிச்சுப்போடாதேங்கோ" என்று மனைவி சொல்லியிருந்தாள். (நான் கேட்கிற ஆளா?) அவள் கோயிலுக்குப் போனதும் கூறையை வளவுக் கொடியில் காற்றாடப் போட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான், துறைமுகத்தில் இறக்கிய காற்றாலை இறகு ஒன்று மன்னாருக்குப் போகிற வழியில் எங்கள் சந்திக்கு வந்தது. எங்கள் ஒழுங்கையை விட நீளமான இறகு. லொறி திரும்பும்போது அதன் வால் என் வளவுக்கு மேலால் வரும் என்று முதல்நாளே சொல்லி, வேலியைக் கழற்றச் சொன்னார்கள். வேலியைக் கழற்றினேன். கொடியை மறந்தேன்.

என் பயமெல்லாம் சந்திப் பிள்ளையாரைப் பற்றித்தான். லொறிக்கு முன்னால் நின்று, "வரட்டும்... வரட்டும்... ஐயோ, பிள்ளையாரே!" என்று தொண்டை கிழியக் கத்தி வழிகாட்டினேன். பிள்ளையாருக்கு ஒரு கீறல் இல்லை. பெருமையோடு நிமிர்ந்து பார்த்தேன். இறகின் நுனியில், கொடிக்கயிறோடு கூறை போய்க்கொண்டிருந்தது.

சைக்கிளில் துரத்தினேன். உடுத்திருந்த சாரம் சங்கிலியில் சிக்கியது. சைக்கிளை எறிந்துவிட்டு ஓடினேன். வழியில் நின்ற பெண்கள், இறகுக்குப் பட்டுச் சாத்தியிருக்கிறது என்று நினைத்துக் கும்பிட்டார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் எழுந்து நின்று, "அண்ணை, பூசை முடிஞ்சுதோ?" என்றார்.

"இல்லையடாப்பா! என்ர மகன்ர கலியாணக் கூறை!"

ஊரே கூவியதில் லொறி நின்றது. சாரதி மூதூர் முஸ்லிம் தம்பி ஒருவர். "பதறாதீங்க ஐயா, மண்ணில பட விடமாட்டன்" என்று ஏறி, தன் துவாயை விரித்து, அதில் கூறையை மடித்து, இரு கைகளாலும் தந்தார். ஒரு இழை பிரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த இடத்திலேயே அவரைக் கலியாணத்துக்கு அழைத்தேன். குடும்பத்தோடு வந்து வாழ்த்தினார். இன்றும் எங்கள் பொங்கலுக்கு அவர் வருவார், அவர் பெருநாளுக்கு நாங்கள் போவோம்.

"நீங்கள் பிள்ளையாருக்குக் காவல் நிண்டீங்களாக்கும்? அவரெல்லோ உங்கட மானத்துக்குக் காவல் நிண்டவர்!" என்றாள் மனைவி. உண்மைதான்.

கூறையை முதலில் உடுத்தது அந்த இறகுதான் என்று மருமகள் இன்றுவரை சொல்லிச் சிரிப்பாள். கரண்ட் போய் வரும்போதெல்லாம் குசினியிலிருந்து குரல் வரும்:

"மாமா, உங்கட மூத்த மருமகள் கரண்ட் அனுப்பிட்டா!"