கும்பிடு போட்ட இயந்திரக் கை

அன்பு மைத்துனன் கோபாலுக்கு,

ஜவ்வாது மலையிலிருந்து அக்கா புருஷன் மாதையன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்கா மங்கம்மாளும் ஆடு மாடுகளும் நலம். திருப்பத்தூரில் நீங்கள் எல்லோரும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன், விசாரிக்க இப்போது நேரமில்லை. போனில் பேசினால் உன் அக்கா காதில் விழும் என்பதால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் நம் பெண் ரேணுகா கல்லூரியில் ரோபோ ஆராய்ச்சி செய்கிறாள் அல்லவா? தொழிற்சாலைகளில் நிற்குமே, தலையும் உடம்பும் இல்லாமல் ஒற்றைக் கை மட்டும், அந்த ரகம். புளியம்பழத்தை ஓடு நொறுங்காமல் எடுத்துப் பெட்டியில் அடுக்க அதைப் பழக்க வேண்டுமாம். மனிதன் செய்வதைப் பார்த்து அப்படியே கற்றுக்கொள்ளுமாம். "உன்ன மாதிரி பக்குவமா எடுக்கறவங்க யாருப்பா இருக்காங்க, ஒரு நாள் வந்துட்டுப் போ" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மூட்டைப் புளியோடு போய் இறங்கினேன். கை அசைவதையெல்லாம் பதிவு செய்யும் ஒயர் வைத்த கையுறையை வலது கையில் மாட்டி உட்கார வைத்தார்கள். சாயந்திரம் வரை எடுத்து அடுக்கினேன், ஒரு ஓடு உடையவில்லை. ஆனால் பேராசிரியர் சக்கரவர்த்தி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார். படித்த மனுஷர் வரும்போது சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? ஒவ்வொரு முறையும் கையை நெற்றிக்குத் தூக்கிக் கும்பிடு போட்டேன். நடுநடுவே நல்ல பழமாகப் பார்த்து ஒன்றை வாயில் போட்டேன். வேட்டி நழுவியபோது இழுத்துச் செருகினேன், வேறென்ன செய்ய?

நேற்று போன் வந்தது. "இன்னாப்பா பண்ணி வெச்சிருக்க? நாலு பழம் எடுக்குது, ஒடனே செவுத்தப் பாத்துக் கும்பிடு போடுது. ஒரு பழத்த மேல தூக்கினு போயி, இல்லாத வாய்ல போட்டுக் கீழ தள்ளுது. அப்பறம் இடுப்பத் தேடிப் போயி மேசைய இடிக்குது!" என்று அழுதாள். வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர்கள் வந்து பார்க்கப் போகிறார்கள். பிடித்தால்தான் ஆறு மாதப் பயிற்சிக்கு எடுப்பார்கள். "நான் ஒண்ணும் பண்ணலியேம்மா" என்று வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டேன் கோபால். அப்போதிருந்து சோறு இறங்கவில்லை. இந்த மலையிலிருந்து போய்ப் படிக்கிற பெண்ணின் வாழ்க்கை என்னால் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நீ உடனே கல்லூரிக்குப் போய், மாதையனுக்கு வலது கையில் நரம்புக் கோளாறு, பிறவியிலிருந்தே தானாகத் தூக்கும் என்று பேராசிரியரிடம் சொல். பழி என் நரம்போடு போகட்டும்.

குலதெய்வம் உன்னையும் சம்பூர்ணத்தையும் பிள்ளைகளையும் காக்கட்டும். கல்லூரிக்குப் போகும் அந்த ஒரு நாளாவது உனக்குப் பொய் நன்றாக வரட்டும்.

இப்படிக்கு,
மாதையன்

பின்குறிப்பு: கடிதத்தை பஸ்காரரிடம் கொடுக்கக் கிளம்பும்போது ரேணுகா கூப்பிட்டாள். கம்பெனிக்காரர்கள் இன்றே வந்துவிட்டார்களாம். ரோபோ அவர்களுக்கும் கும்பிடு போட்டதாம். எது வேலை, எது வேலை செய்கிறவனின் பழக்கம் என்று ரோபோவுக்குப் பிரித்துக் காட்டுவதுதான் இனி தன் ஆராய்ச்சி என்று இவள் அசராமல் சொல்ல, பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆகவே என் நரம்பைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதே. இந்தப் புது ஆராய்ச்சிக்கு, வேலையைவிடச் சேட்டை அதிகம் செய்கிற பத்துப் பேர் வேண்டுமாம். உன் பெயரைச் சொன்னேன். "மாமா வந்தா மீதி ஒம்போது பேரு வேணாம்பா" என்றுவிட்டாள். திங்கட்கிழமை போய்விடு.