கம்பி சிவக்கும்வரை

“கம்பி இன்னும் சிவக்கலியா தம்பி?” என்று கேட்டாள் தட்டுத் தாம்பாளத்தோடு லாரியில் உட்கார்ந்திருந்த நாகலெட்சுமி.

“இந்தா, சிவக்குதுக்கா” என்றான் டிரைவர் சிவசாமி.

தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதாக வந்த டீசல் லாரி. பெண் கேட்கப் போவதற்காகத் துரையிடம் கெஞ்சி வாங்கியிருந்தான். பனிக்காலையில் அது லேசில் கிளம்பாது. சூடேற்றும் பொத்தானை இழுத்துப் பிடித்து, முன்பலகையில் இருக்கும் கம்பிச்சுருள் நெருப்பாய்ச் சிவக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் ஊரே வந்து குசலம் விசாரித்துவிட்டுப் போகலாம்.

விசாரித்ததுதான் வினையாகப் போயிற்று.

“எங்க சிவசாமி, காலங்காத்தால?” என்றாள் பக்கத்து லயத்து வரிசை வீட்டுக் காளியாயி.

நாகலெட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். “நல்ல காரியத்துக்குப் போறப்ப எங்கன்னு கேட்டுட்டாளே! எறங்கித் தண்ணி குடிச்சிட்டு ஏறு தம்பி.”

டிக்கோயா ஊர்ப் பூரணியைத் தேர்த்திருவிழாவில் பார்த்த நாளிலிருந்து சிவசாமிக்குச் சோறு இறங்கவில்லை. அவளைக் கினிகத்தேனைக்காரர்களும் கேட்கிறார்கள் என்று தரகர் வேறு பயமுறுத்தியிருந்தார். ராகு காலம் பிறக்குமுன் புறப்பட்டாக வேண்டும். இறங்கினான், குடித்தான், ஏறிப் பொத்தானைப் பிடித்தான்.

கம்பி சிவக்கப் போகும் சமயம் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டக்கையா வந்தார். “லாரி எங்கடா போகுது?”

கண்டக்கையாவைத் திட்ட முடியுமா? இன்னொரு செம்பு தண்ணீர் உள்ளே போயிற்று.

“இது சரிப்படாது. யாரும் எங்கன்னு கேக்கக் கூடாதுன்னு லயத்துல சொல்லிட்டு வாங்க சித்தப்பா” என்று கூட வந்த அழகனை அனுப்பினாள் நாகலெட்சுமி.

சித்தப்பா தொண்டை கிழியச் சொன்னார். அதுவரை போர்வைக்குள் கிடந்தவர்களும் எழுந்து வந்து லாரியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“அப்படி எங்கதான் போறீங்க?”

சிவசாமிக்குப் பொறுமை போயிற்று. “சிவக்கவும் வேணாம், ஒண்ணும் வேணாம்!” என்று சாவியைத் திருப்பினான். இஞ்சின் இருமியது. மறுபடியும் மறுபடியும் திருப்பினான். பெட்டரி செத்து, இருமலும் நின்றது.

“தள்ளுங்கப்பா!” என்று கத்தினார் சித்தப்பா.

கேள்வி கேட்டவர்கள் எல்லாம் கை கொடுத்தார்கள். வாய்தான் நீளமே தவிர, தங்கமான சனங்கள். யாரென்று தெரியாத ஒரு கம்பளிக் கோட்டுப் பெரியவர்கூட மூச்சிரைக்கத் தள்ளினார். லாரி சரிவில் உருண்டு, ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் போய் நின்றது. இஞ்சின் மட்டும் அசையவில்லை.

ராகு காலமும் பிறந்துவிட்டது. சிவசாமிக்குக் கண் கலங்கியது.

“போச்சுக்கா. பூரணிய இனி கினிகத்தேனைக்குத்தான் குடுப்பாங்க.”

“நாந்தான்டா கெடுத்தேன்” என்று அவன் முதுகைத் தடவினாள் அக்கா.

கம்பளிக் கோட்டுப் பெரியவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலருகே வந்தார்.

“டிக்கோயாவுக்கு எதுக்கு மாப்பிள்ள போகணும்? ஒங்களப் பத்தி விசாரிக்க நேத்தே வந்த பொண்ணோட அப்பன், இந்தா, ஒங்க லாரியத் தள்ளிட்டு நிக்கிறேனே!”